அயல்நாடு வாயிலுக்கு வெளியே நிற்கட்டும்!

திருச்சிராப்பள்ளி மாநகரின் கீழ்க்கோடியில், தஞ்சைப் பெருஞ்சாலையின் இருமருங்கும் பரந்து கிடப்பது காட்டூர். ஆனித் திங்கள் பிறந்துவிட்டால் அவ்வூர்த் தெருக்களில் ஒரு காட்சியைத் தவறாமற் காணலாம். வானூர்தி நிலையத்திலிருந்து வரும் வாடகை மகிழுந்து வீட்டு வாயிலில் நிற்கும். மகனும் மருமகளும் இறங்குவர். அவர்களுக்குப் பின்னே ஆறேழு அகவைப் பேரன் ஒருவன் இறங்குவான். ஓராண்டாக வழிமேல் விழிவைத்துக் காத்திருந்த அப்பாயி இரு கைகளையும் நீட்டி, "வாடா என் தங்கம், சாப்பிட்டியா?" என்பாள். பேரன் தந்தையின் கால்களுக்குப் பின்னே ஒளிந்துகொண்டு ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுப்பான். உடனே அந்தத் தந்தை, நாணத்தாலன்று, ஒருவகைப் பெருமிதத்தாலேயே முகம் மலர்ந்து, "அவனுக்குத் தமிழ் புரியும்மா, பேசத்தான் வராது" என்பான்.

அன்று தொடங்கி முப்பது நாளும் அவ்வீட்டில் அவனுக்கு ஒரு வேலை உண்டு. தாய் சொல்வதை மகனுக்கு ஆங்கிலத்தில் சொல்லவேண்டும்; மகன் சொல்வதைத் தாய்க்குத் தமிழில் சொல்லவேண்டும். தன்னைப் பெற்றவளுக்கும் தான் பெற்றவனுக்கும் நடுவே ஒருவன் கூலியில்லா மொழிபெயர்ப்பாளனாக நிற்பதைவிட இழிவான நிலை ஒரு குடும்பத்துக்கு உண்டோ? அந்த முதியவள் பேரனுக்கென்று சேர்த்து வைத்திருந்த கதைகள் எத்தனை! அவனுடைய தாத்தன் ஆலைக்கு மிதிவண்டியில் சென்று வந்த கதை, அவனுடைய தந்தை சிறுவனாக இருந்தபோது வாய்க்காலில் விழுந்து எழுந்த கதை, ஆடிப் பெருக்கன்று காவிரிக் கரையில் கட்டுச்சோறு அவிழ்த்த கதை! வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தால் கதை கதையாக இருக்குமா? நான்கு நாளில் அவளே சலித்துப்போய்ச் சமையற்கட்டுக்குள் புகுந்துகொள்கிறாள். பேரன் கையில் கைப்பேசி ஏறிவிடுகிறது. முப்பதாம் நாள் வானூர்தி ஏறும்போது பாட்டி அழுகிறாள், பேரன் கையசைக்கிறான். ஒருவரையொருவர் அறியாமலே இருவரும் பிரிகிறார்கள்.

"வெளிநாட்டில் வாழ்கிறோம், அங்கே என்ன செய்ய முடியும்?" என்பதே இத்தகைய பெற்றோர் அனைவரும் ஒரே குரலில் கூறும் விடை. இவ்விடை பொய். அறியாமையாற் சொல்லப்படும் பொய்யாயினும் பொய் பொய்யே.

வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்கு அந்நாட்டு மொழியைக் கற்பிக்கப் பெற்றோர் ஒரு நாழிகையும் செலவிட வேண்டுவதில்லை. பள்ளி கற்பிக்கும், விளையாட்டுத் திடல் கற்பிக்கும், தொலைக்காட்சியும் கடைத்தெருவும் பேருந்தும் கற்பிக்கும். வேண்டாவென்று தடுத்தாலும் தடுக்கவியலாது. செருமனியில் வளரும் பிள்ளை செருமன் பேசாமல் வளர்ந்ததும் இல்லை, இங்கிலாந்தில் வளரும் பிள்ளை ஆங்கிலம் அறியாமல் வளர்ந்ததும் இல்லை. தமிழுக்கோ அந்நாட்டில் வீடு ஒன்றைத் தவிர வேறு இடமே இல்லை. அந்த ஓரிடத்தையும் பெற்றோர் தம் கையாலேயே ஆங்கிலத்துக்குத் திறந்துவிடுகின்றனர். ஆற்றுக்குள் நிற்பவன் தலையில் குடத்து நீரைக் கொண்டுபோய் ஊற்றுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எங்கும் கிடைப்பதை வீட்டிலும் கொடுத்து, எங்கும் கிடைக்காததை வீட்டிலும் மறுப்பதுதான் பிள்ளை வளர்ப்பா? அதிலும் அப்பெற்றோர் கொடுக்கும் ஆங்கிலம் எத்தகையது? பள்ளிப் பாடநூலில் நெட்டுருப் போட்டுக் கற்ற ஆங்கிலம். பிள்ளையின் வகுப்புத் தோழன் பேசுவதற்கு முன் அது நிற்காது. பத்து அகவையில் அந்தப் பிள்ளையே தந்தையின் ஒலிப்பைத் திருத்துவான். பதினைந்தில் நண்பர் முன் அவர் வாய்திறந்தால் கூசுவான். பிள்ளைக்குத் தாம் அரசராக நின்று பேசத்தக்க ஒரே மொழியை விட்டுவிட்டு, அவனிடமே பாடம் கேட்கவேண்டிய மொழியில் அவனை வளர்க்கும் பேதைமையை என்னென்பது!

இவ்விடத்தில் சிலர் அறிவியலைத் துணைக்கு அழைப்பர். இரண்டு மொழி கேட்டால் பிள்ளையின் மூளை குழம்புமாம்; பேச்சு வரக் காலந்தாழுமாம்; ஆகவே ஒரு மொழி போதுமாம். அந்த ஒரு மொழி எக்காலும் தமிழாக இராது என்பதைக் கருதவேண்டும். இந்த அச்சத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. வேல்சு நாட்டில் வேல்சு மொழியும் ஆங்கிலமும் பேசிய பள்ளிப் பிள்ளைகளை ஆய்ந்த சேயர் என்பவர், இருமொழி பேசும் பிள்ளைகள் அறிவுத் தேர்வில் பின்தங்குகின்றனர் என 1923இல் எழுதினார். அவர் கண்ட பின்னடைவு பெரிதும் நாட்டுப்புறத்துப் பிள்ளைகளிடம் காணப்பட்டது. நகர்ப் பிள்ளைக்கும் நாட்டுப்புறத்து ஏழைப் பிள்ளைக்கும் வாழ்விலும் வாய்ப்பிலும் உள்ள வேற்றுமையை மொழியின் தலையில் ஏற்றியது அத்தகைய ஆய்வு. 1962இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் எலிசபெத் பீல், வாலசு இலாம்பர்ட்டு என்னும் இருவர், பத்து அகவைப் பிள்ளைகளைக் குடும்ப நிலையை ஒப்பவைத்து ஆய்ந்தனர். பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒருங்கே அறிந்த பிள்ளைகள் ஒரு மொழிப் பிள்ளைகளைவிட மேம்பட்டே நின்றனர். அறிவுலகம் அறுபதாண்டுகளுக்கு முன்பே குப்பையில் எறிந்த அச்சத்தைத் தமிழன் இன்றும் பொறுக்கியெடுத்துத் தன் பிள்ளையின் தொட்டிலில் கட்டிவைத்திருக்கிறான்! சிறு பிள்ளை ஒரே வாக்கியத்தில் இரு மொழிச் சொற்களைக் கலப்பதுண்டு. அது குழப்பமன்று, கைக்குக் கிடைத்த சொல்லை எடுத்தாளும் முயற்சி. வளர வளரத் தானே பிரித்துக்கொள்ளும். பிரித்துக்கொள்ளாமல் வாழ்நாள் முழுதும் கலந்தே பேசுவோர் பெற்றோர்தாம்!

ஆயினும் எல்லாப் பழியையும் அயல்நாட்டில் வாழ்வோர் தலையில் சுமத்துவது முறையாகாது. அவர்கள் இவ்வழக்கத்தை எங்கே கற்றனர்? சிங்கப்பூரிலா? சிகாகோவிலா? அன்று. காட்டூரிலேயே கற்றுக்கொண்டு போனார்கள்.

1960களில் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை எழுந்தது. துப்பாக்கித் தொழிற்சாலை எழுந்தது. 1964இல் துவாக்குடியருகே பொறியியற் கல்லூரி வந்தது. வயலும் வாய்க்காலுமாக இருந்த வட்டாரம் ஆலைத் தொழிலாளர் வாழும் நகர்ப்புறமாயிற்று. இரும்பைப் பற்றவைக்கும் தொழிலில் இவ்வட்டாரத்தார் வல்லவராயினர். ஊரார் 'வெல்டர்' என்று வழங்கும் அப்பற்றவைப்பாளர் பலர் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். அவர்களால் குடும்பத்தை உடன் அழைத்துச் செல்லவியலாது. சிங்கப்பூரில் பணி இசைவுச் சீட்டில் உழைக்கும் தொழிலாளிக்கு அந்நாட்டுச் சட்டமே அதற்கு இடந்தருவதில்லை. மனைவியும் மக்களும் காட்டூரிலேயே இருக்கின்றனர். தந்தை பாலை வெயிலில் இரும்புப் புகை குடித்து ஈட்டும் பணம் திங்கள்தோறும் ஊருக்கு வருகிறது. வந்த பணத்தில் முதற்செலவு எது? பிள்ளையை ஆங்கில வழிப் பள்ளியில் சேர்ப்பது! காலை எட்டு மணிக்குத் தஞ்சைச் சாலையில் நின்று பார்ப்போர்க்கு உண்மை விளங்கும். மஞ்சள் வண்ண ஊர்திகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். அவற்றின் முகப்பில் எழுதியுள்ள பெயர்களைப் படிப்பவன் தான் நிற்பது தமிழ்நாடா, இங்கிலாந்தின் ஏதோ ஒரு சிற்றூரா என்று ஐயுறுவான். காவிரிநாட்டில் பிறந்து, காவிரிநாட்டிலேயே உண்டு உறங்கும் இப்பிள்ளையும் அப்பாயியை 'கிராண்ட்மா' என்கிறது; "வாட்டர் வேணும்" என்கிறது; வீட்டுக்கு வரும் ஆடவரையெல்லாம் 'அங்கிள்' என்கிறது. வெளிநாடு போகாமலே இது வெளிநாட்டுப் பிள்ளையாக வளர்கிறது. தந்தை கடல் கடந்து அயல்நாட்டில் வாழ, அயல்நாடு கடல் கடந்து அவன் வீட்டுக்குள் வந்து குடியேறிவிட்டது!

இந்த ஊரிலிருந்து பத்துக் கல் தொலைவுக்குள் இருப்பது திருச்சிராப்பள்ளித் தொடர்வண்டி நிலையம். 1964 சனவரி 25ஆம் நாள் அந்நிலையத்தின் முன்னே கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி, இந்தித் திணிப்பை எதிர்த்துத் தன்னுடலில் தீயிட்டுக்கொண்டு மாண்டான். மனைவியையும் மகளையும் விட்டு மாண்டான். அவன் எதிர்த்தது வலிந்து புகுத்தப்பட்ட மொழியை. இன்றோ வலிந்து புகுத்துவார் எவருமில்லை. கட்டணம் கட்டி, வரிசையில் நின்று, பரிந்துரை பிடித்து வாங்கிக்கொள்கிறார்கள். தில்லி செய்ய நினைத்ததைக் காட்டூர்த் தாயும் தந்தையும் வேறொரு மொழிக்காகத் தாமே செய்து முடிக்கின்றனர். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுவரை ஒரு பிள்ளை தமிழ் எழுத்தே அறியாமல் பள்ளிப் படிப்பை முடித்துவிட முடிந்தது. அவ்வாண்டில் வந்த தமிழ் கற்றல் சட்டம்தான் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. தமிழ்நாட்டில் தமிழைக் கற்பிக்க ஒரு சட்டம்! அதுவும் விடுதலை பெற்று ஐம்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து! பத்தாம் வகுப்பு முடிந்த மறுநாளே மதிப்பெண் மிகும் என்று தமிழைத் தூக்கியெறிந்து பிரெஞ்சுக்கோ வடமொழிக்கோ ஓடும் பிள்ளைகள் இன்றும் உளர். பிரான்சு நாட்டைப் படத்திலும் காணாத பிள்ளைக்குப் பிரெஞ்சு எதற்கு என்று கேட்பாரில்லை.

இப்படி வளர்ந்தவர்களே பொறியாளராகவும் கணினி வல்லுநராகவும் குடும்பத்தோடு வெளிநாடு செல்கின்றனர். ஊரிலேயே தமிழை வீட்டு வேலைக்காரி நிலையில் வைத்திருந்தோர், அயல்நாட்டில் அதை அரியணையில் ஏற்றுவார்களா?

"அங்கே அரசு உதவினால் கற்பிப்போம்" என்பாரும் உளர். அரசின் உதவி எவ்வளவு வரை செல்லும் என்பதற்குச் சிங்கப்பூரே சான்று. தமிழுக்கு அந்நாடு செய்திருப்பதைத் தமிழகத்துக்கு வெளியே வேறெந்த அரசும் செய்ததில்லை எனலாம். 1965இல் தனிநாடானபோதே ஆட்சிமொழிகள் நான்கனுள் தமிழ் ஒன்று. பள்ளியில் தாய்மொழிப் பாடம் கட்டாயம். தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலம், கணக்கு, அறிவியல் ஆகியவற்றோடு தாய்மொழியும் ஒரு பாடம். நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம். தொடர்வண்டி நிலையங்களில் தமிழ் எழுத்துகள் விளங்குகின்றன. இவை வானத்திலிருந்து விழவில்லை. திருவாரூரில் பிறந்து அங்குச் சென்ற கோ. சாரங்கபாணி 1935இல் 'தமிழ் முரசு' தொடங்கினார்; மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி, 'தமிழ் எங்கள் உயிர்' என்று பெயரிட்டு மக்களிடம் நிதி திரட்டினார். கூலித் தொழிலாளியும் தன் பங்கைக் கொடுத்தான். அத்தகையோர் உழைப்பால் வந்த உரிமை அது. இத்தனை இருந்தும் நடந்ததென்ன? அந்நாட்டின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாகிய உமறுப் புலவர் பள்ளி, மாணாக்கர் வரவு குறைந்து 1982இல் மூடப்பட்டது. 2010ஆம் ஆண்டு மக்கட்கணக்கில், வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்றோர் நூற்றுக்கு 3.3 பேர். 2020இல் அது 2.5ஆக இறங்கிவிட்டது. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3க்கு ஏறியது. சீன மொழியும் மலாயும்கூட இறங்கின என்பது உண்மை. அதனால் தமிழ்ப் பெற்றோர்க்கு என்ன ஆறுதல்? அரசு பள்ளிக்கூடத்தைத் திறக்கலாம், தேர்வை நடத்தலாம்; இரவில் பிள்ளையின் பக்கத்தில் படுத்துக் கதை சொல்ல அமைச்சரா வருவார்?

மொரீசியசுத் தீவின் செய்தி இதனினும் வேடிக்கையானது, வேதனையானதும் ஆகும். அந்நாட்டுப் பணத்தாள்களில் ஆங்கிலத்துக்கு அடுத்த இடத்தில் தமிழும், அதன் கீழே இந்தியும் இருந்தன. 1998இல் புதிய தாள்களில் இவ்வரிசையை மாற்றித் தமிழைக் கீழே இறக்கினர். தமிழர் கொதித்தெழுந்தனர். அரசு பணிந்தது, அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. வெற்றிதான்! ஆனால் அந்தத் தாளைக் கையில் வாங்கும் தமிழ் வழியினர் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். பணத்தில் தமிழ் முன்னே நிற்கிறது, நாவில் இல்லை. பணத்தாளுக்காகத் தெருவில் இறங்கிய அதே உணர்ச்சி, மூன்று தலைமுறைக்கு முன் தொட்டிலருகே இருந்திருந்தால்!

சோசுவா பிசுமன் என்னும் மொழியறிஞர், அழியும் மொழிகளை மீட்பது பற்றி 1991இல் எழுதிய பெருநூலில் வற்புறுத்துவதும் இதையே. பெற்றோர் வாயிலிருந்து பிள்ளை காதுக்கு மொழி கைமாறும் இடம் வீடு. அது அறுபட்டபின் பள்ளி, இதழ், ஆட்சிமன்றம் ஆகிய மேற்கட்டுமானம் எவ்வளவு பெரிதாயினும் பயன் சிறிதே. அதை மெய்ப்பிக்க இரு கப்பல்களின் கதை போதும்.

1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிச் சென்ற துரூரோ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. நேட்டாலின் கரும்புக் கொல்லைகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் அவர்கள். அடுத்த ஐம்பதாண்டுகள் கப்பல் கப்பலாக மக்கள் சென்றனர். ஐந்தாண்டுக்குப் பின் 1865இல், வேல்சு நாட்டினர் ஏறத்தாழ நூற்றைம்பதின்மர் மிமோசா என்னும் கப்பலில் தென்னமெரிக்காவின் படகோனியாவுக்குச் சென்றனர். தம் நாட்டில் ஆங்கிலம் தம் மொழியை விழுங்குகிறது. ஆளரவமற்ற பாலையிலாவது அதைக் காப்போம் என்றே அவர்கள் புறப்பட்டனர். இன்று நேட்டாலில் தமிழ்ப் பெயர் உண்டு, தைப்பூசக் காவடி உண்டு, கோவில் உண்டு. வீட்டில் தமிழ் பேசுவோரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். படகோனியாவிலோ, நாடு முழுதும் இசுபானிய மொழி சூழ்ந்திருக்க, சில ஆயிரம் பேர் இன்றும் வேல்சு மொழி அறிந்திருக்கின்றனர்.

இரண்டையும் ஒரே துலையில் வைத்து நிறுப்பது நேர்மையன்று. வேல்சு மக்கள் தாமே விரும்பிச் சென்றோர். தம் பள்ளியும் தம் வழிபாட்டு மன்றமும் தம் ஊராட்சியும் அமைத்துக்கொண்டோர். தமிழரோ சாட்டைக்குக் கீழே கரும்பு வெட்டியோர். எழுதப் படிக்க அறியாதோர். பிள்ளைக்கு ஆங்கிலம் தெரிந்தால் கொல்லையை விட்டு வெளியேறலாம் என்று ஏங்கியோர். அவர்களைக் குறைகூற எவருக்கும் வாயில்லை. அவர்கள் மொழியை இழந்தது அடிமைத்தனத்தால். ஆனால் காட்டூரிலிருந்து நல்ல ஊதியத்துக்குச் சென்று, இரண்டு மகிழுந்தும் தோட்டத்தோடு கூடிய வீடும் வைத்திருக்கும் பொறியாளனுக்கு எந்தச் சாட்டை? எந்தக் கங்காணி? நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் கரும்புக் கொல்லையில் நேர்ந்ததைவிட விரைவாக, ஒரே தலைமுறையில், தானே விரும்பி அவன் இழக்கிறானே, அதற்கு என்ன கரணியம்? இன்னொன்றும் உண்டு. 1997 தொடங்கி வேல்சு நாடு படகோனியாவுக்குத் தன் செலவில் ஆசிரியர்களை அனுப்பி வருகிறது. முப்பது இலக்கம் மக்களைக் கொண்ட சிறு நாடு செய்வது அது. எட்டுக் கோடித் தமிழரின் அரசு 2001இல் தமிழ் இணையக் கல்விக்கழகத்தை அமைத்துப் பாடங்களை இணையத்தில் ஏற்றியிருப்பது நன்று. ஆனால் திரையில் கிடக்கும் பாடம் பிள்ளை சொன்னதைக் கேட்டுத் திருத்துமா, கன்னத்தில் தட்டிக் கொடுக்குமா?

யூதர் வரலாற்றைக் காட்டி, எபிரேயத்தைப் போலத் தமிழையும் காக்கவேண்டும் என்று மேடைகளில் முழங்குவோர் பலர். 1881இல் எருசலேமில் குடியேறிய எலியேசர் பென் எகுதா, மறு ஆண்டு பிறந்த தன் மகனிடம் எபிரேயம் தவிர வேறு மொழி பேசுவதில்லை என்று உறுதி பூண்டார். பேசுவாரற்றுப் பல நூற்றாண்டு ஏட்டிலே கிடந்த மொழி அது. தொட்டிலருகே தாய் உருசியத் தாலாட்டுப் பாடியதற்கே அவர் வெகுண்டார் என்பர். உடன் விளையாடப் பிள்ளைகள் இன்றி அக்குழந்தை தனிமையில் வாடியது, அக்கடுமை போற்றத்தக்கதன்று. வெளிநாட்டுத் தமிழனிடம் எவரும் அத்தனை கடுமையைக் கேட்கவில்லை. அவன் பிள்ளை தெருவில் ஆங்கிலமோ நோர்வே மொழியோ பேசி நன்றாக விளையாடட்டும். உயிரற்ற மொழியை ஒருவர் தம் வீட்டில் எழுப்பினார். கோடிக்கணக்கானோர் பேசும் உயிருள்ள மொழியை வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை என்று இவர்கள் கைவிரிக்கின்றனர்.

எபிரேயம் தொலைவு என்றால் ஈழம் அருகில் உள்ளது. 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் நூல்களோடு சாம்பல். 1983இல் ஆடிப் படுகொலை. உடுத்த துணியோடு ஓடிய மக்கள் நோர்வேயிலும் செருமனியிலும் சுவிசு நாட்டிலும் பனியில் இறங்கினர். உணவகத்தில் தட்டுக் கழுவினர். இரவில் அலுவலகங்களைக் கூட்டினர். ஓய்வு நாளில் என்ன செய்தனர்? நோர்வேயில் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம், செருமனியில் தமிழாலயங்கள் என்று பள்ளிகளைத் தொடங்கிக் கற்பித்தனர். அப்பிள்ளைகள் நாட்டு மொழியும் கற்றனர், ஆங்கிலமும் கற்றனர், தமிழும் கற்றனர். எந்த மூளையும் குழம்பவில்லை! அவர்களிடமும் தேய்வு உண்டு. பிள்ளைகள் தமக்குள் அந்நாட்டு மொழியையே பேசிக்கொள்வதைப் பெற்றோர் கவலையோடு காண்கின்றனர். ஆனால் கவலையோடு காண்கின்றனர்! "பேசத்தான் வராது" என்று பல்லைக் காட்டுவதில்லை.

கிழமைக்கு ஒரு நாள் நடக்கும் தமிழ்ப் பள்ளிகள் இன்று அமெரிக்காவிலும் ஆத்திரேலியாவிலும் பெருகியுள்ளன. அவற்றை நடத்தும் தொண்டர்கள் போற்றத்தக்கோர். ஆனால் பிள்ளையை அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டதோடு கடன் தீர்ந்தது என்று எண்ணும் பெற்றோர் சிறிது கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். கிழமைக்கு இரண்டு மணி நேரம், ஆண்டுக்கு நாற்பது கிழமை எனில் எண்பது மணி நேரம். பிள்ளை விழித்திருப்பதோ ஆண்டுக்கு ஏறத்தாழ ஐயாயிரம் மணி நேரம். எண்பது மணிநேரத் தமிழ் எஞ்சிய நேரத்து ஆங்கிலத்தோடு மோதி வெல்லுமா? ஆண்டு விழா மேடையில் அப்பிள்ளை குறளைக் கடகடவென்று ஒப்பிக்கும். கைதட்டல் வானைப் பிளக்கும். இறங்கி வந்ததும் தாயிடம், "மம்மி, ஐ ஆம் அங்கிரி" என்னும். தாயும் அதே மொழியில் விடையளிப்பாள். மேடைக்கு ஒரு மொழியும் பசிக்கு ஒரு மொழியும் என்றால், பசியின் மொழியே பிள்ளையின் மொழி.

தோல்வி நிகழும் நேரமும் பெரும்பாலான வீடுகளில் ஒன்றே. மூன்று அகவை வரை பிள்ளை தமிழே பேசுகிறது. பள்ளி தொடங்கிய சில திங்களில் ஒருநாள், தமிழில் கேட்ட கேள்விக்கு ஆங்கிலத்தில் விடை சொல்கிறது. போர் அந்த நொடியில்தான் தொடங்குகிறது. பெற்றோரோ அதை அறிவதேயில்லை. "சரி, புரிந்ததல்லவா" என்று விட்டுவிடுகின்றனர். மறுநாள் அவர்களும் ஆங்கிலத்துக்கு மாறுகின்றனர். ஓராண்டில் எல்லாம் முடிந்துவிடும். பிள்ளை எந்த மொழியில் சொன்னாலும், சினமின்றி, ஏளனமின்றி, அதையே தமிழில் திருப்பிச் சொல்லி, தமிழிலேயே உரையாடலைத் தொடரும் தாய் தோற்பதில்லை. திட்டித் தமிழ் பேச வைக்கவும் முடியாது. திட்டினால் தமிழ் என்றாலே திட்டு என்று பிள்ளை எண்ணிக்கொள்ளும். தந்தையரிடமும் ஒரு குற்றம் உண்டு: தாயைத் தமிழ் பேசச் சொல்லிவிட்டுத் தாம் மட்டும் கணினியில் அலுவலக ஆங்கிலத்தோடே வாழ்வது. அக்காளும் தம்பியும் தமக்குள் எம்மொழியில் சண்டையிடுகின்றனர் என்பதையும் காதுகொடுத்துக் கேட்கவேண்டும். மூத்த பிள்ளை மாறினால் இளைய பிள்ளை பிறக்கும்போதே மாறிப் பிறக்கும்.

இழப்பின் அளவை அறிய உறவுச் சொற்களைப் பார்த்தாற் போதும். அண்ணன் வேறு, தம்பி வேறு. அக்காள் வேறு, தங்கை வேறு. ஆங்கிலத்தில் மூத்தோர் இளையோர் என்ற வேறுபாடே சொல்லில் இல்லை. பெரியப்பன், சித்தப்பன், மாமன் மூவரும் 'அங்கிள்'. அத்தை, பெரியம்மை, சின்னம்மை மூவரும் 'ஆண்ட்டி'. பக்கத்து வீட்டுக்காரியும் 'ஆண்ட்டி', கடைக்காரியும் 'ஆண்ட்டி'! தாய்மாமன் என்ற சொல்லை இழந்த பிள்ளை, காதுகுத்தில் யார் மடியில் எதற்காக அமர்கிறது என்பதையும் உடன் இழக்கிறது. நீ, நீங்கள் என்ற வேறுபாட்டை இழந்த பிள்ளை, யாரிடம் எப்படிப் பேசுவது என்பதையே இழக்கிறது. சொல் போனால் உறவு வெறும் முகமாகி நிற்கும். அப்பாயி என்று அழைக்க வாய் வராத பிள்ளைக்கு அவள் யாரோ ஒரு கிழவி.

காட்டூர் வீட்டில் அவள் இன்றும் மாலை ஏழு மணிக்குக் கைப்பேசியை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். கடலுக்கு அப்பால் வாழும் மகன் இதைப் படிப்பானாயின், அவன் செய்யவேண்டியது கடினமானதன்று. திரையைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அவன் அறையை விட்டு வெளியே போகட்டும். முதல் நாள் இருவரும் விழிப்பார்கள். இரண்டாம் நாள் அவள் பூனையைத் தூக்கிக் காட்டுவாள். முற்றத்து முருங்கையைக் காட்டுவாள். "இது என்ன, சொல்லு பார்ப்போம்" என்பாள். பிள்ளை தடுமாறும், தவறாகச் சொல்லும், அவள் சிரிப்பாள், அதுவும் சிரிக்கும். மொழிபெயர்க்க எவரும் அருகில் இருக்க வேண்டா.